காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் மனதை உறுத்தாத பரிசு: சேலத்தில் எங்கே தேடலாம், எதை நாமே செய்யலாம்?

கேட்டவர் சேலத்தில் வசிக்கும் ஒரு தாய்மாமன். அக்கா மகளுக்கு ஒரு வயது நிறைகிறது, இரண்டு மாதத்தில் காதுகுத்து. அவளுடைய அண்ணனுக்கு ஏழு வயது. "வேறொரு பிள்ளையின் உழைப்பில் வந்த பொருளை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பிளாஸ்டிக்கும் வேண்டாம். எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது? வீட்டில் செய்வதென்றால் எதைச் செய்வது?" இதுதான் அவர் கேள்வி.

தம்பி, இதைப் பற்றி யோசித்ததற்கே முதலில் நன்றி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். 'கைவினை', 'இயற்கை', 'பாரம்பரியம்' என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் வைத்து எதையும் வாங்காதீர்கள். கையால் செய்த பொருள் என்றாலே செய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்தது என்று ஆகிவிடாது. யாருடைய கை, எத்தனை மணி நேரம், என்ன கூலி என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, செய்பவரிடமே போய்ப் பார்ப்பது. பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு அது கஷ்டம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வெள்ளிப் பட்டறையும் கைத்தறியும் டவுன் பஸ் போகிற தூரத்தில் இருக்கின்றன.

தாய்மாமன் சீர் என்றால் கொலுசு இல்லாமல் முடியாது, அதனால் வெள்ளியில் தொடங்குவோம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கொலுசு வேலைதான். ஒரு ஜோடிக் கொலுசு ஒரே இடத்தில் முழுதாக உருவாவதில்லை. உருக்கிக் கம்பி இழுப்பது ஓரிடம், வளையம் கோப்பது இன்னோரிடம், பொடி வைத்துப் பற்றவைப்பது ஒருவர், சலங்கை கட்டுவது ஒருவர், மெருகு போடுவது வேறொருவர். பாதி வேலை வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலும் நடக்கிறது. இதனால்தான் ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் பிள்ளைகள் ஏராளமாக இருந்தார்கள். வேலை வீட்டுக்கே வரும்போது, பள்ளிக்கூடம் போகாத பிள்ளை வளையம் கோப்பது யார் கண்ணையும் உறுத்தவில்லை. இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் நடக்கும் வேலையை வெளியிலிருந்து கண்காணிப்பது என்றைக்குமே கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. ஆனால் பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்கு உதவலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. என் மனதுக்கு அந்த விலக்கு ஒப்பவில்லை. 'உதவி' எங்கே முடிந்து 'வேலை' எங்கே தொடங்குகிறது என்று யார் அளப்பது? அதனால் வாங்குகிறவர்களாகிய நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. விசாரணை அதிகாரி மாதிரி போய் நிற்காதீர்கள். "இதை யாருங்க செய்யறது? பட்டறையை ஒரு எட்டு பாக்கலாங்களா?" என்று கேளுங்கள். பெருமையோடு கூட்டிப் போய்க் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் வேலை செய்பவர்களின் முகங்களைப் பார்க்கலாம், அறையில் ஜன்னல் இருக்கிறதா, புகை வெளியே போகிறதா என்று பார்க்கலாம், வீட்டுப் பிள்ளைகள் எந்த வகுப்புப் படிக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்கலாம். வேலை நாளில், பள்ளி நேரத்தில் போவது நல்லது. உள்ளே விடவே மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பிள்ளைகள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தால் 1098க்கு ஒரு போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.

பற்றவைப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பற்றவைக்கும் கலவையில் காட்மியம் இருந்தால் ஊதும்போது எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதைச் சுவாசிப்பது வேலை செய்பவர், அதே வீட்டில் தூங்குகிற குழந்தைகளும்தான். "காட்மியம் இல்லாத பொடியில் செய்து தருவீங்களா?" என்று கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர் பெருகினால்தான் பட்டறை மாறும். இன்னொரு வழியும் இருக்கிறது. சலங்கை வைத்த கொலுசுக்குப் பதிலாக, கெட்டிக் கம்பியை வளைத்துச் செய்யும் உருட்டுக் காப்பு வாங்கலாம். அதில் பற்றவைப்பு மிகக் குறைவு, புகையும் குறைவு. குழந்தைக்கும் அதுதான் நல்லது, ஏனென்றால் ஒரு வயதுப் பிள்ளை காலை இழுத்து வாயில் வைக்கும், சலங்கை முத்து ஒன்று கழன்றால் நேரே தொண்டைக்குப் போகும். பாட்டிகள் "சத்தம் கேட்டாத்தானே பிள்ளை எங்கே போகுதுன்னு தெரியும்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். சலங்கைக் கொலுசை மூன்று வயதுக்கு மேல் போட்டுக்கொள்ளட்டும். எதை வாங்கினாலும் வெள்ளி எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். செய்கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிச் செய்து தரும் ஒரு மனிதரின் அன்றைய சோறு அதில்தான் இருக்கிறது.

அடுத்தது துணி. ஒரு வயதுக் குழந்தைக்குத் துணியைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை. ஆனால் துணியில்தான் நியாயம் பார்ப்பது சிக்கலும்கூட. நம் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதின்ம வயதுப் பெண்களை விடுதியில் அடைத்து வைத்து, மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி வேலை வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். கடையில் தொங்கும் ஒரு குட்டிச் சட்டையின் நூல் எந்த ஆலையிலிருந்து வந்தது என்று தனி ஒருவர் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கைத்தறி வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நெசவு கையால்தான், சந்தேகமில்லை. ஆனால் பாவுக்கும் ஊடைக்கும் கற்றையாக வரும் சிட்டா நூல் ஆலையில் நூற்றதுதான். இதைச் சொல்வது கைத்தறியை ஒதுக்குவதற்காக இல்லை. அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டில் தறியின் முன்னால் நின்று வாங்கும் துண்டில் நெசவுக் கூலி யாருக்குப் போகிறது என்பதாவது உங்களுக்குத் தெரியும். அது பெரிய விஷயம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பதும் நடக்கிறது, ஆகவே கடையில் வாங்கினால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கோ-ஆப்டெக்ஸில் வாங்குங்கள்.

நூற்பும் கையால் நடந்ததாக வேண்டுமென்றால் கதர்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இன்றும் இருக்கிறது. அன்றைக்கு அது சேலம் மாவட்டம், இன்றைக்கு நாமக்கல். கதர் முதலில் கொஞ்சம் முரடாக இருக்கும், நாலு சலவைக்குப் பிறகு குழந்தையின் தோலுக்கு அவ்வளவு இதமாக ஆகிவிடும். சாயம் போடாத வெள்ளைக் கதர் இரண்டு மூன்று மீட்டர் வாங்கி, கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசி, முடிச்சு வைத்த குட்டிச் சட்டை நாலு தைத்துக் கொடுங்கள். பட்டன் வேண்டாம், அதுவும் கழன்று வாய்க்குப் போகும். தைக்கத் தெரியாவிட்டால் உங்கள் தெருவிலேயே தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு பெண் இருப்பார், அவருக்கு அந்த வேலை போகட்டும். இளம்பிள்ளைப் புடவையின் வெட்டுத் துணி அழகாக இருக்கிறதே, அதில் பாவாடை தைக்கலாமே என்று தோன்றும். ஜரிகை பிஞ்சுத் தோலைக் கீறும், இந்த வயதில் வேண்டாம்.

காசே இல்லாத ஒரு பரிசும் உண்டு. உங்கள் அம்மாவின் பழைய பருத்திப் புடவைகள் இரண்டை நான்காக மடித்து, ஓரம் அடித்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டினால் ஒரு குட்டிப் போர்வை. புதிதாக யாரையும் உழைக்க வைக்காத பொருள், பல வருடம் துவைத்து மென்மையானது. அக்காவுக்கு அதில் அம்மாவின் வாசம் இருக்கும். சீர்த்தட்டில் பழைய துணி வைக்கலாமா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் தட்டில் வைக்காமல் தனியாகக் கொடுங்கள்.

துணிப் பந்து செய்வது ஒரு மாலை நேர வேலை. பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்துக்கு, இரண்டு முனையும் கூராக உள்ள ஆறு துண்டுகள் வேண்டும், ஒவ்வொன்றும் 16 செ.மீ. நீளம், நடுவில் 5 செ.மீ.க்குச் சற்று மேல் அகலம். தையலுக்குச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஆறையும் நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, ஒரு தையலில் மட்டும் நாலு விரல் இடம் விட்டுப் புரட்டி, பஞ்சு அடைத்து மூடுங்கள். இலவம் பஞ்சு அடைத்தால் முதலில் ஒரு காடாத் துணிப் பைக்குள் போட்டுத் தைத்துவிட்டு, பிறகு பந்துக்குள் வையுங்கள். தையல் விட்டாலும் பஞ்சு பறந்து மூக்கில் ஏறாது. இரட்டைத் தையல் கட்டாயம். உள்ளே சத்தம் வர மணி போடும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிலுகிலுப்பைக்குள் போடவும் பொம்மைக்குக் கண் வைக்கவும் நம் ஊரில் குன்றிமணியைப் பயன்படுத்துவார்கள். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதும் அதுதான். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் கொடிய விஷம். முழுதாக விழுங்கினால் ஓடு காக்கலாம், கடித்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. மாலை கோப்பதற்காகத் துளை போட்ட குன்றிமணி இன்னும் மோசம், ஓடு ஏற்கெனவே உடைந்திருக்கிறது. கைவினைக் கண்காட்சியில் 'இயற்கை விதை நகை' என்று விற்பதில் சிவப்பும் கறுப்பும் கலந்த விதை இருந்தால் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம். ஆமணக்கு விதையும் அப்படித்தான்.

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எந்தப் பொருளையும் இப்படிச் சோதியுங்கள்: ஒன்றேகால் அங்குல வாய் உள்ள குழாய்க்குள் அது முழுதாக அடங்கினால், அல்லது அதிலிருந்து கழலக்கூடிய ஒரு பாகம் அடங்கினால், தொண்டையை அடைக்கும். பொம்மைப் பரிசோதனைக் கூடத்தின் உருளையும் 31.7 மில்லிமீட்டர்தான். தொட்டிலில் கட்டும் பொம்மையின் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. நிறம் போட்ட பொருளை ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம்.

மரப் பொம்மை வாங்குவதாக இருந்தால் சென்னப்பட்டணம் நல்ல தேர்வு. பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கிற ஊர். பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அந்தச் சூட்டிலேயே அரக்கை உருக்கி நிறமேற்றி, தாழை ஓலையால் மெருகேற்றுவார்கள். அரக்கும் தாவரச் சாயமும் சேர்ந்த அசல் வேலை என்றால் குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை. போலிகளும் உண்டு, ஈரத்துணிச் சோதனையை மறக்க வேண்டாம். 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்தியக் கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அதிலிருந்து விலக்கு இருக்கிறது. எனவே கைவினைஞரிடம் முத்திரை இல்லையே என்று திரும்பிவிடாதீர்கள், அவருடைய கைவினைஞர் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். முத்திரையும் இல்லாமல் செய்தவர் யாரென்றும் தெரியாமல் கடையில் குவித்து விற்பதைத் தவிருங்கள். ஏற்காடு ஏரிக்கரைக் கடைகளில் பொம்மை வாங்கினாலும் இதையே பாருங்கள். மலையில் விற்கிறது என்பதால் அது மலையில் செய்ததாகிவிடாது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை அலமாரிக்கு அழகு, கடிக்கிற வயதுக்கு ஏற்றதில்லை.

வெளியூர் போக நேரமில்லையா? உங்கள் பக்கத்துக் கடைசல் பட்டறையிலேயே கேளுங்கள். கட்டில் காலும் பூரிக்கட்டையும் கடைபவர் ஒரு பம்பரமும் பத்து உருண்டைக் கட்டையும் கடைந்து தரமாட்டாரா? வேம்பு, மா போன்ற மரம் போதும், ஒட்டுப்பலகை வேண்டாம். கட்டை ஒவ்வொன்றும் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உப்புத்தாள் தேய்த்து முடித்ததும், ஒரு பங்கு தேன்மெழுகை மூன்று பங்கு தேங்காய் எண்ணெயில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, துணியால் பூசித் துடைத்துவிடுங்கள். வார்னிஷும் பெயிண்டும் தேவையே இல்லை.

சரி, ஏழு வயதுப் பையன். காதுகுத்து வீட்டில் எல்லோரும் தங்கையைக் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள், அவனுக்கென்று ஒன்று வேண்டும். அவனுக்கு நீங்களே செய்ய ஒரு யோசனை சொல்கிறேன்: ஏற்காட்டுப் பரமபதம். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நாம் போடும் பரமபதத்துக்கு நூறு கட்டம். ஐந்து கட்டத்துக்கு ஒரு வளைவு என்று வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு மீட்டர் காடாத் துணியில் பத்துக்குப் பத்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் அடிவாரம், நூறாவது சேர்வராயன் கோயில். ஒவ்வொரு ஐந்தாவது கட்டத்திலும் வளைவின் எண்ணை எழுதுங்கள். பாம்புக்குப் பதில் மலையில் நிஜமாக நடப்பவை: குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கிவிட்டது, மூன்று கட்டம் இறங்கு. மூடுபனி, வண்டியை ஓரம் கட்டு. பின் சீட்டில் தங்கைக்கு வாந்தி, அடிவாரத்துக்கே போ. ஏணிக்குப் பதில் காப்பித் தோட்டத்துக் குறுக்குப்பாதை, சரியான நேரத்துக்கு வந்த பஸ், மிளகுக்கொடி பிடித்து ஏறுவது. அவன் வீட்டு ஆட்களின் பெயர்களையும் உள்ளே நுழைத்துவிடுங்கள். காய்க்குப் புளியங்கொட்டை, தாயக்கட்டைக்குப் பதில் ஆறு சோழி. எல்லாவற்றையும் ஒரு சுருக்குப் பையில் போட்டுக் கொடுங்கள். சோழியும் புளியங்கொட்டையும் தங்கை கைக்கு எட்டாமல் பை உயரத்தில் இருக்கட்டும். கட்டங்களில் ஏழெட்டை வெறுமையாக விட்டுவைத்தால் அவனே எழுதி நிரப்புவான், அதற்குப் பிறகு அது அவன் செய்த விளையாட்டாகவும் ஆகிவிடும்.

அவனை மலைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், கீழே விழுந்து கிடக்கும் சில்வர் ஓக் மர இலை, தைலமரக் காய், காப்பிக்கொட்டைத் தோல், இறகு என்று பொறுக்கி ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்க விடலாம். செடியிலிருந்து பறிக்க வேண்டாம், ஆர்க்கிட் பக்கம் கையே போகக் கூடாது.

காகிதக் கூழில் கிண்ணமும் முகமூடியும் செய்வது அவனும் நீங்களும் சேர்ந்து செய்யக்கூடியது. பழைய நோட்டுத் தாளை இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்துச் செய்வது நம் பாட்டிமார்களின் பழைய வேலை. பசைக்கு நம் ஊர் மரவள்ளி மாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கச் சொல்வார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பொருளில் வேண்டவே வேண்டாம். நன்றாக வெயிலில் காயவைத்தாலே நிற்கும்.

விலையைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். எனக்கு ஒரு கணக்கு உண்டு. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி ஒரு நாளுக்கு 336 ரூபாய். ஒரு துணிப் பொம்மைக்கு அரை நாள் ஆகிறது என்றால், அந்த அளவில் கூலியே 168 ரூபாய், அதற்கு மேல் துணி, பஞ்சு, கடை வாடகை. அதே பொம்மை 80 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் மீதியை யாரோ ஒருவர் தன் உழைப்பால் கட்டியிருக்கிறார். பட்ஜெட் குறைவு என்றால் நாலு பொருளுக்குப் பதில் ஒன்று வாங்குங்கள். மகளிர் குழுக்கள் செய்பவை பூமாலை வணிக வளாகத்தில் கிடைக்கும், அங்கேயும் விலை நியாயமாகத்தான் இருக்கும்.

கடைசியாக, காலம். அவசர ஆர்டர்தான் பட்டறையில் பிள்ளைகளை உட்கார வைக்கிறது. நாளைக்கு வேண்டும் என்று நாம் நிற்கும்போது, ராத்திரி விழித்து முடிக்க வீட்டில் உள்ள எல்லாக் கைகளும் சேர வேண்டியதாகிறது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் இது இன்னும் அதிகம். உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இந்த வாரமே காப்புக்குச் சொல்லிவிடுங்கள், "அவசரமே இல்லீங்க, ஒரு மாசம் கழிச்சுக் குடுங்க" என்று சொல்லிப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். கதர் அடுத்த வாரம் வாங்கினால் துவைத்துத் தைக்க நேரம் இருக்கும். கடைசல்காரரிடமும் அதே வாரம் சொல்லிவிடலாம். பரமபதத் துணியைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் கை வேலை மட்டும்தானே.